ருசிக்கு மூன்று சொல், நிற்க ஒரு சொல்

லோஞ்ச் என்கிற மோட்டார்ப் படகு ஓட்டுகிறவனுக்கு ஓட்டம் கொஞ்சம், நிற்பதுதான் அதிகம். அரசாங்கக் கச்சேரியில் ஒரு கையெழுத்துக்காக நின்றவர்களுக்கும், வராத பஸ்ஸுக்கு வெயிலில் காய்ந்தவர்களுக்கும் நான் சொல்வது விளங்கும். மற்றவர்கள் வாசிக்காவிட்டாலும் குறையில்லை.

மீன் பொரியல்

எழுபதுகளில் திருகோணமலை உள்துறைமுகத்தில் நங்கூரம் போட்ட கப்பல்களுக்கும் கரை ஜெட்டிக்கும் இடையில் ஆட்களை ஏற்றி இறக்கினேன். எஞ்சின் சலீமின் பொறுப்பு. கிண்ணியா ஆள், வாய் ஓயாது. அந்த நாட்களில் கப்பலாட்களில் பிலிப்பைன்ஸ்காரர் கூடிக்கொண்டு வந்தார்கள். லோஞ்சை ஏணிக்குக் கீழே கொண்டுபோய் அணைத்தால், மேலே ஒரு தலை எட்டிப் பார்த்து ‘ஹுலாத்’ என்னும். பொறு என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் சவரம் எடுக்கவே தொடங்குவார்கள். அலை லோஞ்சை இரும்பில் மோதும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

ஒருநாள் தேயிலை ஏற்ற வந்த கப்பலில் இருந்து மூன்று பேர் கரைக்கு வந்தார்கள். சலீம் தன் சோற்றுப் பார்சலைப் பிரித்துப் பாரைமீன் பொரியலை நீட்டினான். ஒருத்தன் ‘லாமி’ என்றான். அடுத்தவன் ‘நாமித்’ என்றான். மூன்றாமவன் ‘மராசா’ என்றான். மூன்றும் ருசி என்பதுதான். யாருடைய சொல் சரி என்று சண்டை தொடங்கிவிட்டது. நாமித்காரன் நெஸ்டர், கப்பலின் குசினியில் சமைக்கிறவன், இங்கிலீஷ் தெரிந்தவன். அவன்தான் விளக்கம் சொன்னான். தீவுக்குத் தீவு பாஷை வேறாம். எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகளாம். விசாயா என்பது பொதுப்பெயர். ஒருத்தன் கதை மற்றவனுக்கு அரைகுறையாய் விளங்குமாம். எங்கள் யாழ்ப்பாணத்தான் மட்டக்களப்பான் சங்கதி என்று நினைத்தேன். அதைவிடத் தூரம் என்பது பிறகு தெரிந்தது. அப்படியென்றால் ‘ஹுலாத்’ எந்தத் தீவுச் சொல் என்று கேட்டேன். மூன்று பேரும் தங்களுடையது என்றார்கள். சலீம் கையைக் கழுவிக்கொண்டு சொன்னான்:

“பாத்தீங்களா அண்ணன், ருசிக்கு மூண்டு சொல்லு வச்சிருக்காங்க. நம்மள நிக்கச் சொல்ல மட்டும் எல்லாருக்கும் ஒண்டுதான்.”

இறக்கிவிட்ட ஆள்

அடுத்த வருசம், இங்கே ஒரு வேலையும் இல்லாத கப்பல் ஒன்று துறைமுக வாயிலில் நின்று ஒரே ஒரு ஆளை இறக்கியது. பெயர் டோமிங். எஞ்சின் அறை வேலையாள், முப்பது வயது இருக்கும். வலது கால் இயந்திரத்தில் அகப்பட்டு நசிந்து, சில நாள் கடலிலேயே கிடந்திருக்கிறான். காய்ச்சல் கொதித்தது. முன்பு கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்ததாம். காய்ச்சல் அதையும் கொண்டுபோய்விட்டது.

சலீம் போத்தல் மூடியில் பால் இல்லாத பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தான். டோமிங் குடித்துவிட்டு ‘மராசா’ என்றான். அந்த நிலையிலும் மரியாதை. அந்த மூன்றாமவனுடைய தீவுக்காரன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் இடுப்புச் சாரத்தின் தலைப்பைப் பிடித்தவன், ஜெட்டி வரை விடவில்லை. அப்படிப் பிடித்தால் எனக்குச் சுக்கான் பிடிக்க ஏலாது. ஏசுவோம் என்று குனிந்தேன், ஏசவில்லை. லோஞ்ச் கப்பலை விட்டு விலகியபோது மேலே நின்ற அதிகாரி கம்பியில் சாய்ந்து சொன்னது நினைவிருக்கிறது:

“எங்களில் ஒருத்தருக்கும் இவன் கதைக்கிறது விளங்காது. உங்களுக்காவது விளங்கினால் நல்லது.”

நாளை மத்தியானம்

ஆஸ்பத்திரியில் இருந்து ஆள் அனுப்பினார்கள். இந்தச் சனங்களோடு பழகினவன் நான்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். டொக்டர் அம்மா அமைதியான மனுசி. முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டும், அழுகல் ஏறுகிறது என்றார். கையால் காட்டி, படம் கீறிக் காட்டி எல்லாம் பார்த்துவிட்டாராம். அவன் தலையை ஆட்டி ஒரே சொல்லைத்தான் சொல்கிறானாம். மறுப்பவனைக் கட்டிவைத்து வெட்ட அவருக்கு மனம் வரவில்லை.

போய்ப் பார்த்தேன். ‘ஹுலாத்’ என்றான். மறுக்கவில்லை, பொறுக்கச் சொல்கிறான் என்றேன். எதற்கு என்று கேட்க எனக்குச் சொல் இல்லை. டொக்டர் அம்மா கதிரையில் இருந்து என்னைப் பார்த்தார்.

“அதைக் கேக்கக்கூடிய ஒருத்தரைக் கொண்டுவாங்கோ ஐயா. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பொறுப்பன். அதுக்கு மேலே பொறுத்தால் ஆளே இல்லை.”

அரைவாசி

நெஸ்டரின் கப்பல் அப்போது திரும்ப வந்து நின்றது, மறுநாள் பின்னேரம் புறப்பட. மராசாக்காரன் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போய்விட்டான் என்றார்கள். நெஸ்டர் பூசணிக்காய் வெட்டிக்கொண்டு நின்றான். விசயத்தைச் சொன்னேன். என் தீவு வேறு, பாதிதான் விளங்கும் என்று சொல்லிக்கொண்டே ஏப்ரனைக் கழற்றினான். காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் போ, கப்பல் புறப்பட முன் வந்துவிடு என்று கப்ரன் விட்டார்.

மறுநாள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து நெஸ்டர் ஒரு வசனம்தான் சொல்லியிருப்பான். டோமிங் அழத் தொடங்கினான். பிறகு இருவரும் மெல்ல மெல்லக் கதைத்தார்கள். ஒரு சொல் பிடிபடாவிட்டால் திரும்பச் சொன்னார்கள், இன்னொரு சொல் போட்டுப் பார்த்தார்கள். எனக்கே பொறுமை வந்துவிட்டது. கடைசியில் நெஸ்டர் திரும்பி எங்களுக்குச் சொன்னான். கால் போவதற்கு அவன் பயப்படவில்லை. மயக்கத்தில் கடைசிக் கதை ஏதும் சொல்லிவிட்டுப் போய்விட்டால், அது ஒருத்தருக்கும் விளங்காமல் இந்த அறைக்குள்ளேயே போய்விடுமே என்பதுதான் பயம். அதைக் கேட்டு ஊருக்குக் கொண்டுபோக ஒரு ஆள் வரும் வரைக்கும்தான் பொறுக்கச் சொல்லியிருக்கிறான். உனக்குத்தான் பாதி விளங்காதே என்றேன் நான்.

“நானும் அதைத்தான் சொன்னனான். பாதியைக் கொண்டுபோய்க் கொடு, மிச்சம் என்ரை மனுசிக்கு விளங்கும் எண்டு சொல்லுறான்.”

தியேட்டருக்குள்

டொக்டர் அம்மா நெஸ்டருக்கு வாயில் துணி கட்டி, ஒப்பரேஷன் தியேட்டரில் டோமிங்கின் தலைமாட்டில் நிற்கவிட்டார். நான் வெளியே நின்றேன். உட்கார மரவாங்கு இருந்தது, இருக்க மனம் வரவில்லை. நேரம் போனது. நெஸ்டரின் கப்பல் ஊதுவது ஆஸ்பத்திரி வரைக்கும் கேட்டது. ஜெட்டியில் சலீம் எஞ்சினை நிறுத்தாமல் வைத்திருந்தான்.

நெஸ்டர் வெளியே வந்தபோது முகம் வெளிறியிருந்தது. ஆள் தப்பிவிட்டான் என்று தலையை அசைத்தான். ஓடிப்போய் லோஞ்சில் ஏறினோம். கப்பல் ஏணியைத் தூக்கத் தொடங்கியிருந்தது. கீழே இருந்து நான் ‘ஹுலாத்’ என்று கத்தினேன். என் வாயில் அந்தச் சொல்லைக் கேட்டு மேலே நின்றவர்கள் சிரித்தார்கள். ஏணி நின்றது. ஏறப் போனவனைக் கையில் பிடித்து, மயக்கத்தில் என்ன சொன்னான் என்று கேட்டேன்.

“ஒரு சொல்லும் இல்லை. நல்ல குறட்டை. அது மட்டும் எனக்கு முழுக்க விளங்கினது.”

கார் நின்ற இடம்

டோமிங் புண் ஆறும்வரை ஆஸ்பத்திரியில் இருந்தான். அன்புவழிபுரத்து வீட்டில் இருந்து என் மனுசி சலீமிடம் மீன் கொடுத்து அனுப்புவாள். வெறும் பார்சல்தான் திரும்பி வரும், அவ்வளவும் மராசா என்று சலீம் சொல்வான். கொழும்புக்குப் போய் அங்கிருந்து விமானம் ஏற அவனுக்கு ஒழுங்கு செய்தார்கள். கார் வந்து வாசலில் நின்றது. இரண்டு ஊன்றுகோலில் அவன் வந்தான். ஒரு அடி, பிறகு நிற்பான், பிறகு ஒரு அடி. எனக்கு லோஞ்சில் ஆட்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். காரின் கதவைத் திறந்து பிடித்தபடி வா வா என்று கையைக் காட்டினேன். அவன் நடு வழியில் நின்று, ஆஸ்பத்திரியில் பொறுக்கிய தமிழில் சிரித்துக்கொண்டு சொன்னான்:

“கொஞ்சம் பொறுங்கோ அண்ணை.”

அத்தனை வருசத்தில் அந்தப் பாஷைக் குடும்பத்தில் நான் வாய்விட்டுச் சொன்னது ஒரே ஒரு சொல், எனக்குச் செய்யத் தெரியாததும் அதுதான்.