மனச்சிதைவு என்றே போடுங்கள்

டாக்டர் நாகரத்தினம் சண்டைக்காரி என்று அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் பிஸ்கட்டவே ஊரில் பேர் வாங்கியது 1997-ல். அதற்கு முன்னால் அவர் சத்தமாகப் பேசியே நாங்கள் யாரும் கேட்டதில்லை.

மதுரையில் மனநல மருத்துவராக இருந்தவர். கணவருக்கு இங்கே மருந்துக் கம்பெனியில் வேலை கிடைத்ததால் வந்தார். வந்த இடத்தில் ஒரு பல்கலைக்கழக ஆய்வில் சேர்ந்தார். நாடு விட்டு வந்தவர்களுக்கு மனச்சிதைவு வந்தால் என்ன ஆகிறார்கள், யார் அவர்களைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதுதான் ஆய்வு. இல்லாத குரல் காதில் கேட்கும், யாரோ பின்தொடர்வதாகத் தோன்றும் வியாதி அது.

தமிழ் வீடுகளுக்குப் போனால், "நம்மாளுங்கள்ல அப்படி யாரும் இல்லையே மேடம்" என்று காபி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஆய்வுக்குத் தலைவரான அமெரிக்கப் பேராசிரியரும் இந்தியர்களை விட்டுவிடலாம், அவர்களிடம் இது குறைவு போலிருக்கிறது என்றார். குறைவில்லை, மறைக்கிறார்கள் என்று அவரிடம் மல்லுக்கு நின்று இன்னும் ஒரு வருஷம் கேட்டு வாங்கினார் நாகரத்தினம்.

அந்த வருஷம்தான் வசந்தாமணி கதவைத் திறந்தாள். அவள் கணவன் திருமூர்த்தி ப்ரோகிராமர். ஆபீஸில் எல்லாரும் தன்னை வேவு பார்க்கிறார்கள் என்று வேலைக்குப் போவதை நிறுத்தியிருந்தான். ஃபோன் ஒயரைப் பிடுங்கிவிட்டு, திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே யோசனை சொன்னார்கள்: பொள்ளாச்சிக்கு ஃப்ளைட் ஏத்தி விடு, சரியாயிடும்.

"அனுப்பிடட்டுங்களா டாக்டர்?" என்று கேட்டாள் வசந்தாமணி.

"அங்க போனா என்ன பண்ணுவாங்க?"

"ரூமுக்குள்ள வெச்சுப் பூட்டுவாங்க. அவங்க சித்தப்பாவுக்கு அப்படித்தான் பண்ணுனாங்க."

"அப்ப எதுக்கு அனுப்பணும்? எழுந்திருங்க, கிளினிக் போலாம்."

நாகரத்தினமே கார் ஓட்டிக் கூட்டிப் போனார். மாத்திரை ஒத்துக்கொள்ள நாளாயிற்று. உடம்பு பருத்தது, கை நடுங்கியது, இரண்டு முறை மருந்தை மாற்றினார்கள். ஆபீஸில் லீவு கொடுத்திருந்ததால், கொஞ்சம் தெளிந்ததும் மறுபடி வேலைக்குப் போனான்.

அந்தச் சமயத்தில் தமிழ்ச் சங்கத் தலைவர் சேனாபதி, ஹெல்த் டேயில் பேசச் சொல்லி நாகரத்தினத்தைக் கூப்பிட்டார். டென்ஷனும் யோகாவும் என்று தலைப்பும் அவரே வைத்திருந்தார்.

"மனச்சிதைவுன்னே போடுங்க சார்."

"ஃபேமிலியா வர்றாங்க மேடம்."

"அந்த ஃபேமிலிங்களுக்குத்தான் சொல்றேன்."

நோட்டீஸில் யோகா என்றுதான் வந்தது. நாகரத்தினம் மேடை ஏறி நோட்டீஸைத் தூக்கிக் காட்டினார். "எனக்கு யோகா தெரியாது" என்று ஆரம்பித்தார். "ஊரை விட்டு வந்த தனிமை இந்த வியாதியைக் கூட்டும். ஆனா நான் பார்த்த வீடுகள்ல ஆளை ஒடச்சது அது மட்டும் இல்ல. பர்த்டே பார்ட்டிக்குக் கூப்பிடறதை நிறுத்தினீங்களே, அதுவும்தான்."

சேனாபதி இன்னொரு மைக்கை எடுத்தார். "நம்ம ஊர்ல அப்படி யாரு மேடம்? பேரைச் சொல்லுங்க, ஹெல்ப் பண்ணலாம்."

"சொல்ல மாட்டேன். என்னை நம்பிப் பேசினவங்க அவங்க."

"அப்ப யாரும் இல்லன்னு அர்த்தம்" என்றார் சேனாபதி. சிலர் சிரித்தார்கள்.

கடைசி வரிசையில் திருமூர்த்தி எழுந்தான். வசந்தாமணி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, விட்டுவிட்டாள்.

"நான் இருக்கறனுங்க. எனக்குக் குரல் கேக்கும். இப்பவும் கொஞ்சம் கேக்குது. மாத்திரை போடறேன், கோட் எழுதறேன், வரி கட்டறேன். என்னைய ஊருக்கு அனுப்பச் சொன்னவங்க இங்கதான் உக்காந்திருக்கீங்க. நான் போகலைங்க. போகவும் மாட்டேன்."

சிலர் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே போனார்கள். சேனாபதி மைக்கை அணைக்கச் சொன்னார். நாகரத்தினம் மேடையை விட்டு இறங்கி, நாற்காலிகளுக்கு நடுவில் நின்று, தொண்டை கட்டும் வரை பேசினார். அன்றைக்குக் கிளம்பிய பேர்தான் சண்டைக்காரி.

சங்கம் அவரை அப்புறம் கூப்பிடவில்லை. ஆனால் ஃபோன்கள் வந்தன. டெக்சாஸ் காப்பெலில் இருந்துகூட ஒரு அம்மா பெயர் சொல்லாமல் பேசினார், மகளைப் பற்றி. அடுத்த வருஷம் ஆய்வறிக்கையில் தமிழ்க் குடும்பங்களுக்கென்று தனி அத்தியாயமே வந்தது.

திருமூர்த்திக்கு முழுசாகச் சரியாகிவிடவில்லை. 1999-ல் குரல்கள் மறுபடி பலமாகி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இந்த முறை வசந்தாமணி எதையும் மறைக்கவில்லை. பக்கத்து அபார்ட்மென்ட்காரர்கள் கேட்டபோது, "மனசுக்கு முடியலைங்க, ஆஸ்பத்திரில இருக்காரு. சாயங்காலம் பாக்க விடுவாங்க, வாங்க" என்றாள்.

நாலைந்து பேர் போனோம். எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. திருமூர்த்தியே கிரிக்கெட் ஸ்கோர் கேட்டான்.