ஜெகதாம்பாள் கூவாத நாள்

எங்கள் குப்பத்தில் ஜெகதாம்பாள் அத்தைக்கு இருந்த தொண்டை வேறு யாருக்கும் கிடையாது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே எங்கள் கரையில் மீன் எடுத்து, கூடையோடு திருக்கழுக்குன்றம் வரைக்கும் போய் விற்பாள். கூடையைப் பார்த்ததும் கண்டக்டர் நிறுத்தாமல் போகச் சொல்லி விசில் ஊதிவிடுவார். அத்தை வாயைத் திறந்ததும் பஸ் நின்றுவிடும். "சங்கரா கீது, நெத்திலி கீது" என்று அவள் தெருமுனையில் கூவினால், மலைமேல் கழுகுக்குச் சோறு வைக்கிற குருக்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார் என்று நாங்கள் கேலி செய்வோம். புருஷன் போன பிறகு அந்தத் தொண்டையை வைத்துத்தான் ஒரே மகனை ஆளாக்கினாள்.

அந்த மகன் தணிகைவேல் என் கூட்டாளி. இருவரும் ஒரே கட்டுமரத்தில் துடுப்புப் போட்டவர்கள். செங்கல்பட்டில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒன்றாகத்தான் போனோம். மார்பளவு எடுத்தவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "நல்லா துன்னுட்டு அடுத்த வருசம் வா" என்றார். அவனை எடுத்துக்கொண்டார்கள். லீவில் வந்தால் கரையெல்லாம் பூட்ஸோடு சுற்றுவான். கடற்கரை மணலில் பூட்ஸ் போட்டு நடந்த பைத்தியக்காரனை அதற்கு முன்னாலும் நான் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. கூடவே கண்ணும் கலங்குகிறது.

எழுபத்தொன்று டிசம்பர் பதினைந்தாம் தேதி தந்தி வந்தது. ஆறாம் தேதியே மேற்கு எல்லைச் சண்டையில் அவன் இறந்துவிட்டான். அங்கேயே எரித்துவிட்டதாகப் பின்னால் கடிதம் வந்தது. வந்து சேர்ந்தது ஒரு டிரங்குப் பெட்டி மட்டும்தான்.

குப்பத்தில் ஒரு சாவு விழுந்தால், பிணத்தை எடுக்கும்வரை ஒரு கட்டுமரமும் கடலில் இறங்காது. பால்குடிப் பிள்ளை செத்தாலும் அதுதான் ஊர்க்கட்டு. தணிகைவேலுக்கு அதைக்கூட எங்களால் செய்ய முடியவில்லை. அதைவிடக் கொடுமை, அந்த ஆறாம் தேதிதான் எங்களுக்கு வருஷத்திலேயே பெரிய மீன்பாடு. வலை கிழியக் கிழிய அள்ளிக்கொண்டு, கூச்சலும் கும்மாளமுமாகக் கரையேறியிருந்தோம். அது நினைவுக்கு வந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூசியது. ஊர்ப் பெரியவர், நாட்டார் தாண்டவராயன், ஒரு முடிவு சொன்னார்: "இனிமே வருசா வருசம் ஆறாந்தேதி மரம் எறங்காது. அதான் நம்ம புள்ளைக்கு நாம செய்யற மருவாதி."

ஐந்து வருஷம் அப்படியே நடந்தது. அன்றைக்கெல்லாம் அத்தை வியாபாரத்துக்குப் போகாமல் கரையில் வந்து உட்கார்ந்திருப்பாள். நாங்கள் பக்கத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருப்போம். சமாதி இல்லை, சாம்பல் இல்லை. மகனுக்கென்று அவளுக்கு மிஞ்சியது அந்த ஒரு நாள்தான்.

எழுபத்தேழில் நவம்பர் கடைசியில் புயல். பன்னிரண்டு நாள் கடல் பக்கமே போக முடியவில்லை. என் வீட்டில் கஞ்சித் தண்ணீரும் தீர்ந்துபோயிற்று. கடல் தணிந்த காலையில் பார்த்தால், கூப்பிடு தூரத்தில் மீன் கூட்டம் கறுத்துக் கிடக்கிறது. அன்றைக்கு ஆறாம் தேதி.

ஆண்கள் எல்லோரும் கரையில் கூடி நின்றோம். "நாளு நாளுதான்," என்றார் நாட்டார். எனக்குப் பசி காதை அடைத்தது.

"செத்தவனுக்குப் பசிக்காது நாட்டாரே! எம்புள்ளைங்களுக்குப் பசிக்குது!" என்று கத்திவிட்டேன்.

திரும்பினால், பின்னால் ஜெகதாம்பாள் அத்தை நிற்கிறாள். அந்த நிமிஷமே பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

அவள் என்னைப் பார்க்காமல் நாட்டாரிடம் பேசினாள். "இவன் சொல்றது ரைட்டுதான் அண்ணாத்த. எம்புள்ள பேரைச் சொல்லிகினு கொயந்தைங்களைக் காயப் போடாத. போவட்டும்." பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள். "ஆனா ஒண்ணு. எம்மாம் மீனு வந்தாலும் கூச்சல் போட்டுகினு வராதீங்கடா. இன்னிக்கு ஒரு நாளு."

போனோம். வலை தாங்காத அளவுக்கு மீன். இருபது மரம் கரையேறியது, ஒருவனும் சத்தம் போடவில்லை. ஏலம்கூட விரலைக் காட்டித்தான் நடந்தது.

அத்தை கூடையோடு என் மரத்துக்கு வந்து மீன் அள்ளினாள். மகன் போன பிறகு அந்த நாளில் அவள் கூடை எடுத்தது அதுதான் முதல் தடவை.

"மன்னிச்சிடு அத்தே," என்றேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

"ஜம்பு, நீ நாலெழுத்து படிச்சவன். அந்தத் தந்தியில தேதிதானே போட்டுகீது? மணி இல்லியே?"

"இல்ல அத்தே."

"லெட்டர்லயும் இல்லியாம். அன்னிக்கு விடிஞ்சதுலேர்ந்து பொழுது சாயிற வரைக்கும் சிரிச்சிகினே கூவி வித்தேன்டா. அவன் எப்போ பூட்டான்னு தெரியல. எந்த நேரம்னு தெரிஞ்சா அந்த நேரம் மட்டும் சும்மா இருந்துக்குவேன். தெரியாததாலதான் நாளு பூரா கூவாம வாய மூடிகினு கீறேன். இன்னிக்கும் கூவாமதான் விக்கப் போறேன்."

கூடையைத் தூக்கிவிடச் சொன்னாள். தூக்கிவிட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று வேகமாக நடந்தாள். அன்றைக்கு இருட்டும்வரை நான் என் பெண்டாட்டியிடம்கூட ஒரு வார்த்தை பேசவில்லை.