கோப்பைப் படத்தில் என் கை

கொல்கத்தாவின் டாலிகஞ்சில் மைதானமே இல்லாத சின்னக் கல்லூரி எங்களுடையது. மொட்டை மாடியில் பாய் விரித்துப் பழகித்தான் கபடிக் கோப்பையை வென்றோம். இறுதி ஆட்டத்தில் என் விரல் முறிந்தது.

பாராட்டு விழாவில் மேடையேறினேன். "நல்லவேளை, வந்தே! இந்தத் தட்டைப் பிடி," என்று வங்காள மொழியில் சொன்னார் பிரின்சிபால். தட்டில் விருந்தினர்களுக்கான சால்வைகள். அத்தனை பேருக்கும் போர்த்தி முடித்து, எங்கள் பெயரை வாசிக்க நேரமில்லாமல் போய்விட்டதாம். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

கல்லூரி வாசலில் விழாவில் எடுத்த படத்தை மாட்டினார்கள். அம்மா உற்றுப் பார்த்தாள்.

"கோப்பை இருக்கு, பிரின்சிபால் இருக்கார். நீ எங்கடி?"

"ஓரத்துல தட்டு தெரியறதா? பிடிச்சிண்டிருக்கிற கை என்னோடதுதான். விரல்ல கட்டு இருக்கு பாரு."

இப்போதெல்லாம் எந்த விழாப் படத்திலும் முகங்களை விட்டுவிட்டு, ஓரத்துக் கைகளைத்தான் முதலில் தேடுகிறேன்.