சிப்பிகாட்டில் நீர் இறங்கும் நேரம்

காலையில் போர்ட் பிளேர் சிறையில் தூக்குமேடையைப் பார்த்தாயிற்று. இப்போது சுனாமி பார்க்கும் இடம் என்று டிரைவர் சிப்பிகாட் என்ற ஊரில் டாக்ஸியை நிறுத்துகிறார். சாலையோரம் உப்புநீர் பரந்து கிடக்கிறது. அதில் பட்டுப்போன மரங்கள் நிற்கின்றன. ஒரு குடும்பம் அவற்றுக்கு முதுகைக் காட்டிச் செல்ஃபி எடுக்கிறது. இரண்டு வயது மகளை இடுப்பில் இறுக்கிக்கொள்கிறேன். இங்கெல்லாம் இவளைக் கூட்டி வந்திருக்க வேண்டாமோ?

இளநீர் விற்கும் அம்மா தமிழில் பேசவும், வாய் தவறிக் கேட்டுவிடுகிறேன்: “இங்க எத்தனை பேர் இறந்தாங்க?”

“அரே, நீயுமாம்மா? மெயின்லேண்ட்லருந்து வர்ற எல்லாரும் இதையேதான் கேக்குறீங்க. எங்க பக்கம் யாரும் சாகல. பூகம்பத்துல நிலம் கீழ இறங்கிடுச்சு, கடல் பானி வயலுக்குள்ள வந்துடுச்சு. அவ்ளோதான். சாகலன்னு சொன்னா எல்லாருக்கும் மூஞ்சி தொங்கிப்போகுது.”

என் முகமும் தொங்கியிருக்குமோ?

“உங்க வயலும் போச்சாம்மா?”

“அதோ, தண்ணிக்குள்ளதான் இருக்கு. மகன் போர்ட் பிளேர்ல இருக்கான், வா வான்னு கூப்புடுறான். தண்ணி இறங்குனா எங்க வரப்பு தெரியும். அதை விட்டுட்டு எங்க போக?”

“இன்னிக்கு எப்ப இறங்கும்?”

“நாலு மணிக்கு.”

கணவர் டாக்ஸியிலிருந்து கூப்பிடுகிறார். குழந்தைக்குப் பசிக்கும், வெயிலும் ஆகாது. ஆனாலும் அந்த அம்மாவின் குடைக்குள் உட்கார்ந்துவிடுகிறேன்.

நாலு மணிக்கு நீருக்குள்ளிருந்து ஒரு சேற்றுக்கோடு மெல்ல எழுகிறது. அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, என் மகளுக்குக் கையை நீட்டிக் காட்டுகிறார்.

“பாத்தியா பாப்பா, அந்த வளைவு வரைக்கும் நம்ம வயலு.”