பாஸ்வேர்டு கேட்ட பக்கம்

"என் பேர அடிச்சிட்டீங்களா மேடம்?"

காலையில் ஆபீஸைத் திறந்ததும் வந்த முதல் போன் அது. பேசியவர் ஆரோக்கியசாமி. நீடாமங்கலத்து வெல்டர். சிங்கப்பூர் வேலைக்கு அன்று மதியம் அவருக்கு டிரேட் டெஸ்ட், வெல்டிங் செய்து காட்டும் தேர்வு.

"யாருங்க சொன்னது?"

"உங்க வெப்சைட்டுதான். டெஸ்ட் எங்கன்னு பாக்கத் தொறந்தா பாஸ்வேர்டு கேக்குது. எனக்கு யாரும் தரலியே. எடுத்த ஆளுங்களுக்கு மட்டும் குடுத்தீங்களா?"

கும்பகோணத்தில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி எங்களுடையது. வெப்சைட் என் பொறுப்பு. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அட்மின் லாகின் என் கையில் இருப்பதில் எனக்குப் பெருமை உண்டு.

முந்தின நாள் மாலை, டெஸ்ட் நடக்கவிருந்த பட்டுக்கோட்டை ஹாலில் கரண்ட் கோளாறு. டெஸ்ட்டைத் தஞ்சாவூருக்கு மாற்றினார் முதலாளி. அங்கே ஒரு ஷெட் உறுதியாகும்வரை டெஸ்ட் பக்கத்தைப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டச் சொன்னார், பூட்டினேன்.

"உங்க பேரு இருக்குங்க. இப்ப எங்க இருக்கீங்க?"

"ஸ்டேஷன்லதான். வீட்டுக்குத் திரும்பலாம்னு..."

"திரும்பாதீங்க. தஞ்சாவூர் ரயில்ல ஏறுங்க."

இவர் கேட்டார். கேட்காமல் திரும்புகிறவர்கள்? ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். பாதிப் பேர் எடுக்கவில்லை. முதலாளியிடம் ஓடினேன்.

"சார், பக்கத்தைப் பப்ளிஷ் பண்ணிடலாம்."

"ஷெட்டு முகவரியே வரல. அரைகுறையா போட்டா கம்பெனி மானம் போகும்மா. பூட்டியிருந்தா வேலை நடக்குதுன்னு புரிஞ்சுக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க சார். எங்கப்பா பூட்டின ஆபீஸப் பாத்தா லீவுன்னு நினைக்க மாட்டாரு. நம்மள வேணாங்கிறாங்கன்னு திரும்பி வந்துடுவாரு."

"உங்கப்பாவுக்கா வெப்சைட் நடத்துறோம்?"

"ஆமா சார். அவர மாதிரி ஆளுங்களுக்குத்தான்."

நான் சீட்டுக்கு வந்து டைப் செய்தேன்: 'டெஸ்ட் இன்று உண்டு. அழைக்கப்பட்ட எல்லாரும் தஞ்சாவூர் வாருங்கள். முகவரி இதே பக்கத்தில் வரும்.' பப்ளிஷை அழுத்தினேன். முகவரி வந்ததும் அதையும் சேர்த்தேன்.

மதியம் நான் தஞ்சாவூர் ஷெட்டுக்குப் போனபோது ஆரோக்கியசாமி வியர்த்துப்போய் நின்றார். ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். ஒரு பெயருக்கு மட்டும் ஆள் இல்லை. டெஸ்ட் எடுக்க வந்த சூப்பர்வைசர் அந்தப் பெயரை மறுபடி கூப்பிட்டுப் பார்த்தார். காலையில் எடுக்காத அந்த நம்பரை மறுபடி அடித்தேன். அவர் மனைவி எடுத்தார்.

"செல்போன வீட்டுல வச்சிட்டு நடவுக்குப் போயிட்டாருங்க. நீங்கதான் இவரு வேணாம்னு பூட்டிட்டீங்களாமே?"

வயல் எங்கே என்று கேட்டேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் என்றார். அவர் வந்து சேருவதற்குள் டெஸ்ட் முடிந்துவிடும்.

புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு இப்போது இதைத்தான் முதலில் சொல்கிறேன். ஒரு பக்கத்தை மூடினால், லாக் அவுட் செய்துவிட்டு வெளியாள் மாதிரி அதைத் திறந்து பாருங்கள். அங்கே தெரிவதுதான் நாம் அவருக்குச் சொன்ன பதில்.