யானை ஏட்டில் கிடைத்த பெயர்

என் மாமனாருக்கு எல்லாக் காகிதங்களிலும் அப்பா பெயர் ‘மதராசி’. பள்ளிச் சான்றிதழ், ஓய்வூதியப் புத்தகம், ஆதார் அட்டை எதை எடுத்தாலும் அதேதான். இந்த அந்தமான் தீவுகளில் தமிழ் பேசும் யாரையும் மற்றவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கல்யாணமாகி டெலானிபூர் குவார்ட்டர்ஸுக்கு வந்த புதிதில் அதைப் பார்த்துவிட்டு நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

அப்புறம் ஒரு நாள் ஏதோ ஒரு படிவம் கொடுக்க அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்தவன் பக்கத்து மேசைக்காரனைக் கூப்பிட்டு, “அரே, இதர் தேக்கோ, பாப் கா நாம் மதராசி!” என்று இந்தியில் சொல்லி அப்பா பெயரைக் காட்டிச் சிரித்தான். எனக்கு வந்ததே கோபம். நான் சிரித்தால் சரி, அடுத்தவன் சிரித்தால் பொறுக்காது, என் குணம் அப்படி. அவனோடு சண்டை போட்டுவிட்டு வெளியே வந்தால், மாமா மாமரத்தடியில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“விடும்மா. வருசா வருசம் கேக்குற சிரிப்புதானே” என்றார்.

அவர் எதைச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். அவருடைய அப்பாவின் கல்லறை லாங் ஐலண்டில் இருக்கிறது. நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தால் நாங்கள் கத்தோலிக்கர்கள் கல்லறைகளைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, மெழுகுவர்த்தி ஏற்றுவோம். இறந்தவர்களின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் சாமியார் ஒவ்வொன்றாக உரக்க வாசித்து ஜெபிப்பார். மாமா ஒவ்வொரு வருடமும் ‘மதராசி’ என்று எழுதிக் கொடுப்பார். சாமியார் ஒரு நொடி தயங்கிவிட்டு வாசிப்பார். பின்வரிசையில் யாராவது களுக்கென்று சிரிப்பார்கள். சாவதற்குள் ஒரே ஒரு தடவை அப்பாவின் சொந்தப் பெயரை அங்கே கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. மூட்டு வலி முற்றிக்கொண்டே வந்தது. இன்னும் எத்தனை வருடம் போட்டில் ஏறி இறங்க முடியும் என்று அவருக்கே நம்பிக்கை இல்லை.

பெயர் எப்படித் தொலைந்தது என்று கேட்டால் சொல்கிறேன். கப்பலில் வேலை என்று சொல்லி ஒரு ஏஜெண்ட் மாமாவின் அப்பாவை மெயின்லேண்டிலிருந்து கூட்டி வந்தான். கொண்டுவந்து விட்டதோ மிடில் அந்தமானுக்கும் வடக்கே, காட்டுக்குள் ஒரு காண்ட்ராக்டரின் மரவெட்டு முகாமில். திரும்பக் கப்பல் ஏற பாஸ் வேண்டும். பாஸ் காண்ட்ராக்டரின் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. அடித்தால் கேட்க ஆள் கிடையாது, ஓடினால் சுற்றிலும் கடல். ‘சுதந்திரம் வந்த காலத்தில் ஏது அடிமை’ என்று படித்தவர்கள் சிலர் என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். போகவும் முடியாது, இருக்கவும் முடியாது என்றால் அதற்கு வேறு என்ன பெயராம்?

முகாமில் எல்லோருக்கும் அவர் மதராசி. அங்கே சமையலுக்கு வந்த, சொந்தபந்தம் இல்லாத ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டார். அவர்தான் மாமாவின் அம்மா. புருஷன் பெயரை வாயால் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று நம்பிய பெண். மாமாவுக்கு மூன்று வயதில், லாங் ஐலண்டில் மரம் ஏற்றப் போன இடத்தில் அப்பா மரம் உருண்டு இறந்துபோனார். அதற்குப் பிறகும் அந்த அம்மா சொல்லவில்லை. ஆயுசே முடிந்த பிறகு என்ன குறையப் போகிறது? பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் அப்பா பெயர் கேட்டிருக்கிறார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். உதவிக்குக் கூட வந்த, ராஞ்சிப் பக்கத்துக் கூலிக்காரர் ‘மதராசி’ என்றார். வாத்தியார் எழுதிவிட்டார். மாமாவுக்குப் பத்து வயதில் அம்மாவும் போய்ச் சேர்ந்தார். கேட்க இனி ஆளில்லை. நானோ என் புருஷனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன், கோபம் வந்தால் ‘டா’வும் உண்டு. நன்றாகத்தான் இருக்கிறார்.

கவுண்டர் சண்டைக்குப் பிறகு நான் தேடத் தொடங்கினேன். மாதா கோவில் ஏடு ஈரத்தில் உளுத்துப்போயிருந்தது. காண்ட்ராக்டரின் பழைய பட்டியல் ஒன்று கிடைத்தது. அதில் அரிசி மூட்டை இத்தனை, கோடாலி இத்தனை, மதராஸ் கூலி இத்தனை என்று எண்ணிக்கை மட்டும் இருந்தது. கோடாலிக்கும் ஆளுக்கும் ஒரே வரிசை.

ரங்கத் பக்கம் வேலை பார்க்கும் என் வங்காளித் தோழிதான் வழி காட்டினாள். வனத்துறையின் பழைய காகிதங்களை ஸ்கேன் செய்வது அவளுடைய வேலை. “ஆளுங்க பேரைத் தேடாதே. யானையைத் தேடு” என்று இந்தியில் சொன்னாள். மரம் இழுக்கும் யானை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஏடு உண்டாம். அதன் பெயர், உயரம், தின்ற தீனி, வந்த காய்ச்சல், தடவிய மருந்து எல்லாம் நாள்வாரியாக எழுதி வைப்பார்களாம். யானை விலை கூடிய சரக்கு. மனிதன் அப்படி இல்லை.

மாமாவுக்கு அப்பாவைப் பற்றித் தெரிந்தது இரண்டே விஷயம். ஒரு பெண் யானைக்குத் தீனி வைப்பார். இடது கையில் இரண்டு விரல் கிடையாது, சங்கிலி நசுக்கிவிட்டது. அதைத் தோழியிடம் சொன்னேன். மாதக்கணக்கில் ஒன்றும் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து மீன் கழுவிக்கொண்டிருந்தேன். தோழியிடமிருந்து போனில் ஒரு படம் வந்தது, யானை ஏட்டின் ஒரு பக்கம். நெட்வொர்க் வழக்கம்போல நொண்டியடித்து, படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. செதில் ஒட்டிய கையோடு நின்றபடியே படித்தேன்.

முகாம் மேஸ்திரி ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைத் தமிழில் சொல்கிறேன். ‘இரண்டு நாளாகத் தீனி எடுக்கவில்லை. மூன்று பேரை மாற்றிப் பார்த்தாயிற்று. ஓடைக்கரை முகாமுக்கு மாற்றிய மதராசி கையில் மட்டும்தான் தின்னும் என்று பாகன் சொல்கிறான். உடனே திருப்பி அனுப்பவும்.’ அந்த முகாமிலோ மதராசிகள் ஏராளம். ஆள் மாறி வந்துவிட்டால் யானை பட்டினி கிடக்கும். அந்தப் பயத்தில் அந்த மனிதர் முழு விவரமும் எழுதிவிட்டார். ஆளின் பெயர், அவனுடைய அப்பா பெயர், ஊர், இடது கையில் இரண்டு விரல் இல்லை.

“மாமா!” என்று நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரி கரண்டியோடு ஓடி வந்துவிட்டாள். மாமா சாய்வு நாற்காலியில் இருந்தார். நான் அந்தப் பெயரைச் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். அழுவார் என்று நினைத்து ஓரத்தில் உட்கார்ந்தேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார்:

“அப்புறம் யானை சாப்பிட்டுச்சா?”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தோழியிடம் கேட்டேன். அடுத்த பக்கத்தையும் அனுப்பினாள். மறுநாளே ஆள் வந்துவிட்டார், யானையும் சாப்பிட்டுவிட்டது. மாமா நிம்மதியாகக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மிச்சத்தையும் வாசிக்கச் சொன்னார்.

அந்த வாரம் முழுக்கப் பக்கங்கள் வந்துகொண்டே இருந்தன. தனக்கு வந்த வெல்லத்தை யானைக்குக் கொடுத்ததற்காக மதராசியைக் கண்டித்ததாக ஓரிடத்தில். மழையில் யானைக் கொட்டகையிலேயே படுத்துக்கொள்கிறான் என்று ஓரிடத்தில். எங்களுக்குப் பிடித்தது இன்னொன்று. ‘இன்று யானை எழுந்திருக்கவில்லை. உடம்பில் குறை ஒன்றும் தெரியவில்லை. மதராசிக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறதாம், விடுப்பு கேட்டான், கொடுக்கவில்லை. மரம் இழுக்க முடியாததால் ஆட்களெல்லாம் மதியமே குடிசைக்குத் திரும்பினார்கள்.’

மாமா தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். “அரே, எங்கப்பன் பெரிய கில்லாடிம்மா! யானைகிட்ட காதுல சொல்லிப் படுக்க வச்சிருக்காரு. என்னைப் பாக்க வரணும்னு!”

“யானைக்கு நெசமாவே உடம்பு சரியில்லாம இருந்திருக்கலாம் மாமா.”

“நீ சும்மா இரு. அதான் குறை ஒண்ணும் இல்லைன்னு எழுதியிருக்கானே.”

அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதைதான். பால்காரருக்கு இந்தியில், கீழ்வீட்டுத் தெலுங்குக்காரருக்கு அரைகுறைத் தெலுங்கில். யானை வரவர உயரமாகிக்கொண்டே போனது. நான் குறுக்கே பேசவில்லை. எழுபது வருடம் அப்பாவைப் பற்றி வாய் திறக்காமல் இருந்த மனிதருக்குக் கொஞ்சம் அளக்கவும் உரிமை உண்டு என்று விட்டுவிட்டேன்.

கல்லறைத் திருநாளுக்கு மூன்று நாள் முன்பிருந்தே மழை. போட் ரத்தாகும் என்று பேசிக்கொண்டார்கள். மாமா மணிக்கொரு தடவை வானத்தைத் திட்டினார். கடைசியில் போட் கிளம்பியது. அவரை ஏற்றி இறக்க நானும் என் புருஷனும் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். லாங் ஐலண்டில் இறங்கியதும் முழங்கால் வலியை மறந்துவிட்டு எங்களுக்கு முன்னால் நடந்தார்.

சீட்டை அவரே எழுதினார். எழுத்து அழகாக வரவில்லை என்று இரண்டு சீட்டைக் கிழித்துப் போட்டார். “நான் எழுதித் தரேன்” என்றேன். “எங்கப்பா பேரை நான்தான் எழுதுவேன். நீயும் நாளைக்கு எங்கயாவது கதை எழுதுறேன்னு அந்தப் பேரைப் போட்டுறாதே. இத்தனை நாள் எல்லார் வாயிலயும் மதராசியாக் கெடந்தாரு. கொஞ்ச நாள் எனக்கு மட்டும் இருக்கட்டும்” என்றார். அதனால்தான் இங்கே நான் எழுதவில்லை.

பூசை முடிந்து சாமியார் கல்லறைகளின் நடுவே நின்று சீட்டுகளை வாசிக்கத் தொடங்கினார். வங்காளிப் பெயர், ராஞ்சிப் பெயர், தமிழ்ப் பெயர் என்று போய்க்கொண்டே இருந்தது. மாமா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார், வலித்தது. எங்கள் சீட்டு வந்தது. சாமியார் தயங்கவே இல்லை. மற்றப் பெயர்களைப் போலவே அதையும் வாசித்துவிட்டு அடுத்த சீட்டை எடுத்தார். அவ்வளவுதான், ஒரு நொடிகூட இல்லை.

மாமா உரக்கச் சிரித்தார். கல்லறைத் தோட்டத்தில், ஜெபத்தின் நடுவில், எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி. நான் வெட்கம் தாங்காமல் அவர் கையைக் கிள்ளினேன்.

“மாமா, என்ன இது? எல்லாரும் பாக்குறாங்க.”

“பாக்கட்டும்மா” என்றார், கண்ணில் தண்ணீர் வழிய. “எங்கப்பாவப் பேரு சொல்லி ஒருத்தர் கூப்பிட்டு இப்பத்தான் கேக்குறேன்.”