ஆலை விலக்கு, எட்டு நாற்பது

"நாளையிலேர்ந்து நீங்க வர வேணாம்."

சூப்பர்வைசர் கோபிநாத் இதைச் சொன்னபோது அமராவதியின் முன்னால் ஒரு முறம் நிறைய முந்திரிப் பருப்பு இருந்தது. முழுசு ஒரு பக்கம், உடைசல் ஒரு பக்கம். பதினான்கு வருடமாக அந்த விரல்கள் பார்க்காமலே தரம் பிரிக்கும். அந்த நிமிடம் மட்டும் முழுசும் உடைசலும் ஒன்றாகக் கலந்தன.

"ஏன் சார்?"

"ஏன்னு ஒங்களுக்கே தெரியும்."

தெரியும்தான். போன வாரம் ஆலையின் பாய்லர் நீராவியில் சக தொழிலாளி பொற்கொடியின் வலது கை வெந்துபோனது. வீட்டு அடுப்பில் பட்ட காயம் என்று நிர்வாகம் டைப் அடித்த தாளில் கூட வேலை பார்த்த எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். அமராவதி போடவில்லை. அந்தக் கையில் தண்ணீர் ஊற்றியவளே அவள்தான். வெந்த தோல் தன் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு வந்ததை எந்தத் தாளைப் போட்டு அவள் மறைப்பாள்?

வீட்டில் அவள் கணவன் சேவுகன் ஒரே வார்த்தையில் முடித்தான். "விட்டுத்தொலை. கறம்பக்குடியில ஜவுளிக்கடையில சொல்லி வைக்கிறேன்."

சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு அதே ஆலையில் வேலை பார்த்த முனியாயியின் முகம் வந்து நின்றது. போன வருடம் முனியாயிக்கும் இப்படித்தான் வாயால் சொன்னார்கள். கையில் ஒரு காகிதம் கொடுக்கவில்லை. அவமானத்தில் அவள் வீட்டிலேயே முடங்கிக் கிடந்தாள். பத்தாம் நாள் பதிவுத் தபால் வந்தது. 'தகவல் இன்றி வராததால் தாங்களாகவே பணியிலிருந்து விலகியதாகக் கருதப்படுகிறது.' பிடித்துத் தள்ளியவர்களே, அவள் ஓடிப்போனாள் என்று எழுதிவிட்டார்கள்! ஊரும் அதைத்தான் நம்பியது.

"நான் நாளைக்கும் போறேன்" என்றாள் அமராவதி.

"உள்ள விட மாட்டாங்கடி."

"விடலைன்னா வாசல்ல நிக்கிறேன். வீட்ல இருந்தாத்தான் அவங்களுக்குத் தோது."

மறுநாள் காலை எட்டு நாற்பதுக்கு டவுன் பஸ் அவளை ஆலை விலக்கு நிறுத்தத்தில் இறக்கிவிட்டது. அங்கே ஆலையின் கேமரா மாட்டிய இரும்புக் கேட்டையும் ஒரு வேப்ப மரத்தையும் தவிர ஈ காக்கை கிடையாது. வாட்ச்மேன் சோலையப்பன் அவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

"உள்ள விடச் சொல்லலை ஆத்தா."

"விட வேணாம்ணே. நான் வந்தேன்னு ஒங்க கேட் நோட்டுல ஒரு வரி எழுதுங்க."

"எழுதுனா நாளைக்கு ஒன் பக்கத்துல நானும் நிக்கணும்."

மூன்று நாள் இப்படியே போனது. கூட வேலை பார்த்த பெண்கள் அவளைக் கடந்து உள்ளே போனார்கள். ஒருத்தியாவது நிமிர்ந்து பார்க்க வேண்டுமே! வந்ததற்கு என்ன அத்தாட்சி? அவளிடம் இருந்ததோ படம் பிடிக்க முடியாத பட்டன் போன்.

நான்காம் நாள் பஸ்ஸில் கண்டக்டர் வீரய்யா, பெண்களுக்கான இலவசச் சீட்டை மெஷினில் அடித்துக் கிழித்து நீட்டினார். "என்னக்கா, உள்ள விடாத கம்பெனிக்கு இம்புட்டு கரெக்டா வர்ற? ஒனக்குத்தான் அவார்டு குடுக்கணும்."

பஸ் சிரித்தது. அமராவதி சிரிக்கவில்லை. சீட்டையே பார்த்தாள். தேதி, நேரம், ஏறிய இடம், இறங்கும் இடம்: ஆலை விலக்கு. மூன்று நாளாக இதையா கசக்கி ஜன்னல் வழியே எறிந்தாள்!

அன்றிலிருந்து போகிற சீட்டு, திரும்புகிற சீட்டு இரண்டையும் முந்தானையில் முடிந்து கொண்டுவந்தாள். அடுப்புக்கு மேல் பலகையில் இருந்த தகர டப்பாவில் போட்டுவைத்தாள்.

பதினைந்தாம் நாள் தபால் வந்தது. முனியாயிக்கு வந்த அதே வாசகம். பேர் மட்டும் அமராவதி.

ஓடிப்போய் டப்பாவைத் திறந்தாள். அடுப்புச் சூட்டில் சீட்டுகளின் எழுத்து வெளுத்திருந்தது. பாதிக்கு மேல் வெறும் வெள்ளைத் தாள். கல்லாக நின்று சேர்த்த நாட்களைத் தன் கையாலேயே சுட்டுவிட்டாளே!

கறம்பக்குடிக்கு ஓடினாள். ஜெராக்ஸ் கடைக்காரர் சீட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஏழு தேறும்க்கா. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா இதுவும் போயிருக்கும்."

அந்த ஏழோடுதான் புதுக்கோட்டைத் தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தாள். விசாரணை நாள் வரும்வரை ஆலை வாசலுக்குப் போவதையும் நிறுத்தவில்லை.

விசாரணைக்குக் கோபிநாத் தடிமனான ஃபைலோடு வந்தான். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி ஒரு பெண்மணி.

"தினமும் வந்தீங்கங்கறதுக்கு என்னம்மா வச்சிருக்கீங்க?"

அமராவதி சீட்டுகளையும் நகல்களையும் பரப்பினாள்.

கோபிநாத் சிரித்தான். "ஓசி டிக்கெட் மேடம். பஸ் ஃப்ரீன்னதும் பொம்பளைங்க எங்க வீட்ல தங்குறாங்க? ஊர் சுத்த வந்திருக்கும்."

அதிகாரியின் புருவம் உயர்ந்தது. அமராவதி ஒரு சீட்டை எடுத்து அவன் முன்னால் நீட்டினாள்.

"ஆலை விலக்குல என்ன சார் இருக்கு, ஊர் சுத்த? ஒங்க கேட்டும் வேப்ப மரமும். எட்டு நாப்பதுக்கு எறங்கி, ஒம்பதே முக்காலுக்குத் திரும்புற சீட்டையும் பாருங்க. நான் வெயில்ல நின்னதை நீங்க கேமராவுல பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"ஆமா, பாத்தோம்! உள்ள விடாதேன்னு சொன்ன பொறவும் தெனம் வந்து நின்னா, ஆரத்தியா எடுப்பாங்க?"

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது. அதிகாரியின் பேனா தாளில் ஓடியது.

"மேடம், நான் அந்த அர்த்தத்துல…"

"உக்காருங்க சார். அம்மா, எழுதினதைப் படிக்கிறேன், கேளுங்க. 'மனுதாரர் தினமும் வந்தார். நிர்வாகத்தின் உத்தரவால் உள்ளே அனுமதிக்கப்படவில்லை என்பதை நிர்வாகத் தரப்பு ஒப்புக்கொள்கிறது.' சரியா?"

"இன்னொரு தடவை படிங்கம்மா" என்றாள் அமராவதி. கண்ணீர் வழிந்து சீட்டின் மேல் விழப்போனது. பதறி இழுத்துக்கொண்டாள்.

நிர்வாகம் பதில் சொல்ல மூன்று வாரம் அவகாசம் கேட்டது.

வெளியே காத்திருந்த சேவுகன் ஓடி வந்தான். "வேலை கெடைச்சிருச்சா?"

"இன்னும் இல்ல. ஆனா நான் ஓடிப்போகலைன்னு எழுதியாச்சு."

மறுநாள் காலை எட்டு நாற்பது. சோலையப்பன் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"தெறக்கச் சொல்லி இன்னும் உத்தரவு வரலை ஆத்தா" என்றார். ஒருமுறை கேமராவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கேட் நோட்டைத் திறந்து, கம்பிகளின் இடைவெளி வழியே பேனாவோடு அவளிடம் நீட்டினார்.